காலாவதியான சுருளும் கரமனை அக்கா தங்கையும்

தயிர் பாக்கெட்டை நான் தேதி பார்க்காமல் வாங்கியதே கிடையாது. மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைக்காரரின் பொறுமையைச் சோதித்துவிட்டுத்தான் பையில் போடுவேன். கேமரா ஃபிலிம் விஷயத்தில் மட்டும் நேர் எதிர். தேதி முடிந்து வருடக்கணக்கான சுருள்களைத்தான் தேடிப் பிடிப்பேன். யாராவது வீடு மாற்றும்போது அலமாரி மூலையில் அகப்பட்டவை, எடைக்குப் போட இருந்தவை என்று எங்கிருந்தாவது வந்து சேரும். மதுரையில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் குழிகளில் அவைதான் உட்கார்ந்திருக்கின்றன. முட்டை வெளியே கூடையில் இருக்கும். என் கணவர் இதைப் பற்றிப் பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

பழைய ஃபிலிமுக்குப் பார்வை மங்கிவிடும். புதிதாக இருந்தபோது போதுமாயிருந்த வெளிச்சம் இப்போது போதாது. பத்து வருடம் தாண்டினால் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கு, இருபது தாண்டினால் மறுபடியும் இரட்டிப்பாக்கு என்பது எங்களைப் போன்ற கிறுக்குகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கணக்கு. அதனால் ஷட்டர் மெதுவாகத் திறந்து மெதுவாக மூடும். எதிரில் நிற்பவர்கள் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். இத்தனையும் செய்தபிறகு படம் வரலாம், புகை மூட்டமாக வரலாம், வராமலே போகலாம். ஊருக்குத் திரும்பிக் குளியலறைக் கதவை மூடிக்கொண்டு கழுவிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

அப்படிப்பட்ட சுருள்கள் சிலவற்றோடு ஜூன் மழையில் திருவனந்தபுரம் போய் இறங்கினேன். என் தோழி லலிதா வேலை கிடைத்து அயர்லாந்து போகிறாள், வழியனுப்ப வேண்டும். மதுரையில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். நான் அழுத நாட்களில் பக்கத்துக் கட்டிலில் விழித்துக்கொண்டிருந்தவள். வா என்று அவள் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே போக வேண்டிய இடம் அது.

ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டரோடு நின்றாள். மழைக்கோட்டை என் கையில் திணித்துவிட்டு முதலில் கேட்டது, "ஃபிலிம் கொண்டுவந்தியா? பழசுதானே?"

"பழசுதான். இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. வந்தாலும் வரும், வராட்டியும் இல்ல. ஏன் கேக்குற?"

"வருமோ வராதோன்னு ஒறப்பில்லை, அல்லே? அது மதி. ஆத்துக்குப் போய்ச் சொல்றேன்" என்று வண்டியைக் கிளப்பினாள். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள். அவள் வாயில் 'போதும்' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை, எப்போதும் 'மதி'தான். ரோட்டைக் கடக்க ஓர் அம்மாள் வெள்ளைக் கோட்டில் கால் வைத்ததும் எங்கள் பக்கத்துப் பேருந்து நின்றது. மதுரையில் அந்த இடத்தில் டிரைவர் அந்த அம்மாளிடம், வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று விசாரித்திருப்பார்.

கரமனையில் அவள் வீடு ஆற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி, வரிசை வீடுகள் உள்ள அக்ரஹாரத் தெருவில் இருக்கிறது. அவள் அம்மா ருக்மணி மாமி தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போதும் கோப்பில் குறிப்பு எழுதுகிற மாதிரிதான் பேச்சு. "கால் அலம்பிண்டு வா சுமதி. முதல்ல சாப்பாடு. பின்னேதான் விசேஷமெல்லாம்" என்றார்.

இலைக்குப் பக்கத்தில், பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெந்நீர் வைத்தார்கள். சோறு தடித் தடியாகச் சிவப்பரிசி. எரிசேரியும் மொளகூட்டலும் வயிற்றுக்கு இதமாக இறங்கின. கடைசியில்தான் திகைத்தேன். இலையில் போளியை விரித்துப் போட்டு, அதன் தலையில் பாயசத்தை ஊற்றி, பிசைந்து சாப்பிடச் சொன்னார்கள். போளிக்கு நெய் தடவிச் சாப்பிடும் ஊர்க்காரி நான். ஒரு வாய் போட்டதும் திகைப்பு போயிற்று. இரண்டாவது போளியை நானே கேட்டு வாங்கினேன். மாமி சிரிக்கவில்லை; ஆனால் பாயசக் கரண்டி ஒருமுறை கூடுதலாக வந்தது.

சாப்பாடு முடிந்ததும் மாமி ஒரு தூக்குப்பாத்திரத்தில் பாயசத்தை ஊற்றி லலிதாவிடம் நீட்டினார். யாருக்கு என்று சொல்லவில்லை. லலிதாவும் கேட்கவில்லை. வெளியே போனவள் கொஞ்ச நேரத்தில் அதே பாத்திரத்தில் நார்த்தங்காய் ஊறுகாயோடு திரும்பி வந்தாள். மாமி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "உப்பு கூடிப்போச்சு" என்று சுவரிடம் சொல்லிவிட்டு உள்ளே எடுத்துப் போனார்.

பெட்டி அடுக்கும்போது லலிதா எனக்கு விஷயத்தைச் சொன்னாள். ஐந்து வீடு தள்ளி இருப்பவர் மாமியின் தங்கை ஜானகி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். லலிதாவும் அவள் அண்ணனும் இரண்டு வீட்டிலுமாக வளர்ந்தவர்கள். இப்போது வெளியூரில் இருக்கும் அந்த அண்ணனின் கல்யாணத்தோடு அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றுபோனது.

அந்தத் தெருவில் கல்யாணம் என்றால் நேரில் போய், உள்ளே உட்கார்ந்து, குங்குமம் கொடுத்து அழைக்க வேண்டும். ருக்மணி மாமி அப்படித் தெரு முழுக்க அழைத்தார், தங்கை வீட்டைத் தவிர. தங்கைக்குப் பத்திரிகை வாட்ஸ்ஆப்பில் போயிற்று, அதுவும் குடும்பக் குழுவில் ஊர் உலகத்துக்கெல்லாம் போனதோடு சேர்த்து. ஜானகி சித்தி கல்யாணத்துக்கு வரவில்லை. குழுவை விட்டும் வெளியேறிவிட்டார்.

"அம்மாட்ட கேட்டா, 'கூடப்பொறந்தவளுக்கு என்ன அழைப்பு? அவ என்கூட வந்து நின்னு மத்தவாளை அழைக்க வேண்டியவ ஆக்கும்'னு சொல்லுவா. சித்திட்ட கேட்டா, 'மூணாம் வீட்டு வாடகைக்காராளுக்கு நேர்ல அழைப்பு, எனக்கு ஃபோன்ல படமா?'ன்னு கேப்பா. ரெண்டும் நியாயம்தான், கேட்டியா. அதான் கஷ்டம்."

பேச்சு நின்றதே தவிர, பாத்திரப் போக்குவரத்து நிற்கவில்லை. அதைச் சுமந்தவள் லலிதா. "நான் போயிட்டா இதை ஆரு கொண்டுபோவா? நிஜமாவே முறிஞ்சுபோயிடும், சுமதி" என்றாள். சாம்பார்ப் பொடிப் பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கற ஒரு படம் வேணும். அங்க ரூம்ல மாட்டி வெச்சுக்கணும். வேறொண்ணும் வேண்டாம்."

ஃபோனில் எடுக்கலாமே என்று கேட்டேன். அதெல்லாம் கேட்டுப் பார்த்தாயிற்று. ஃபோனில் எடுத்தால் அடுத்த நிமிடம் குழுவில் வந்துவிடும், உறவெல்லாம் கைகூப்பும் படங்களை அனுப்பிக் குதிக்கும், யார் இறங்கி வந்தார்கள் என்று விவாதம் நடக்கும் என்று இரண்டு பேருமே மறுத்துவிட்டார்களாம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அக்காவும் தங்கையும் ஒரே கட்சி.

அப்போதுதான் என் பழைய ஃபிலிம் அவளுக்கு நினைவு வந்திருக்கிறது. முதலில் சித்தியிடம் போய்ச் சொன்னாள். சித்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலாவதியானதா? வந்தாலும் உடனே காட்ட முடியாதா? அப்ப ஆகட்டும்" என்றாராம். ருக்மணி மாமியிடம் நானே கேட்டேன். "வரும்னு ஒறப்பா சொல்ல முடியாது மாமி."

"அப்படின்னா நிக்கறேன். வந்தா லலிதாவோட யோகம். வராட்டா நான் நின்னேன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது" என்றார் மாமி. தேதி போன ஃபிலிமுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனோம். நல்ல காரியத்துக்குக் கிளம்பும் யாரும் அங்கே தேங்காய் உடைக்காமல் கிளம்புவதில்லை. நானும் லலிதாவும் மாமியும் ஓர் ஆட்டோவில். ஜானகி சித்தி பேருந்தில், தனியாக. மாமி உயரம், சித்தி குட்டை. மற்றபடி மூக்கும் நெற்றியும் நடையும் ஒன்றேதான். வரிசையில் பத்துப் பேருக்கு அப்பால் நின்றாலும் இவர் தங்கை என்று எனக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

தேங்காய் உடையும் சத்தம் சடசடவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. சில்லு பறந்து வந்து என் லென்ஸ் மூடியில் பட்டது. லலிதாவின் பெயரில் அக்கா ஒரு காய் உடைத்தார், தங்கை ஒரு காய் உடைத்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சம் போய்விடுமோ என்ற பதற்றத்தில், பூக்கடை ஓரமாக நின்று அவசர அவசரமாகப் புதுச் சுருளைப் போட்டேன். புதுச் சுருள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

சாலை ஓரத்தில் லலிதா நடுவில் நின்றாள். ஆளுக்கொரு பக்கம் அக்காவும் தங்கையும். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்களே ஒழிய, ஒருவரையொருவர் பார்க்கவில்லை. "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்றேன். மூன்று பேரும் பிடித்தார்கள். எடுத்தேன். இன்னொன்று, இன்னொன்று என்று நாலைந்து எடுத்தேன். லலிதாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. சித்தி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, "மழை வரும். நான் பஸ் பிடிக்கட்டே" என்று போய்விட்டார்.

அன்று மாலை லலிதா விமானம் ஏறினாள். விமான நிலைய வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "படத்தைப் பாத்துக்கோ" என்றாள். தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்வாள் என்று நினைத்திருந்தேன். அந்தப் படத்துக்குள்தான் அவள் எல்லாவற்றையும் வைத்திருந்தாள் என்பது அப்போது புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் மாமி லலிதாவின் அறையில் விசிறியை நிறுத்திவிட்டு, மறுபடி போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் வீட்டில் இருந்தால் மாமிக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். சுருளில் மிச்சம் இருந்தது. அதை முடிக்கலாம் என்று கடற்கரை ஊரான விழிஞ்ஞம் கிளம்பினேன். கிழக்கே கோட்டை பஸ் நிலையத்தில் ஒருவர் கைகாட்டிய பேருந்தில் நம்பி ஏறிவிட்டேன். வெகு தூரம் போனபிறகும் கடலைக் காணோம். டிக்கெட் கொடுக்க வந்த நடத்துநர் மலையாளத்தில் சொன்னார்: "சேச்சி, இந்த வண்டி கடல் பக்கமே போகாது. பாலராமபுரத்தில் நானே இறக்கிவிடுகிறேன்." இறக்கிவிட்டதோடு நிற்காமல், எதிரே வந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, அதன் நடத்துநரிடம் என்னை ஒப்படைத்து, எங்கே இறக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அத்தனை பயணிகளும் முகம் சுளிக்காமல் காத்திருந்தார்கள். அந்த மனிதருக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

விழிஞ்ஞத்தில் ஒரு பக்கம் மீன்பிடிப் படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் வானத்தை மறித்து நிற்கின்றன. வலை உலர்த்துகிறவர்களை எடுத்தேன், ஐஸ் உடைக்கிறவர்களை எடுத்தேன். மதியம் ஒரு சின்னக் கடையில் பொரித்த மீன் சாப்பிட்டேன். கரமனைக்குத் திரும்பிப் போக வேண்டுமே என்று பையில் ஏலக்காய் இருக்கிறதா எனப் பார்த்துக்கொண்டேன்.

கேமராவில் எண் முப்பத்தாறைக் காட்டியது. சுருள் அவ்வளவுதான். ஆனால் நெம்புகோல் இன்னும் நகர்ந்தது. ஒன்று கூடுதலாக எடுத்தேன். இன்னும் ஒன்று. பழைய சுருள் இனாம் கொடுக்கிறது என்று சந்தோஷப்பட்டு மேலும் ஒன்று. நாற்பது தாண்டியதும் கேமராவை இறக்கினேன். ஃபிலிம் நகர்கிறது என்றால், நெம்புகோலைத் தள்ளும்போது இடது பக்கத்துக் குமிழ் சுற்ற வேண்டும். முதல் படத்திலேயே அதைப் பார்க்க வேண்டும், எப்போதும் பார்ப்பேன். பழவங்காடியில் மழைக்குப் பயந்து பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். குமிழ் அசையவே இல்லை.

நான் போய் உட்கார்ந்த டீக்கடையில் எதிரில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னவாக்கும் அக்கா?" என்றார். ஜெபமணி என்று பெயர். குளச்சல் பக்கத்துக்காரர், துறைமுகக் கட்டுமானத்தில் வேலை. விஷயத்தைச் சொன்னேன். இருட்டில் கேமராவைத் திறந்து பார்க்க வேண்டும், வெளிச்சம் பட்டால் எல்லாம் போச்சு என்றேன்.

"தேதி போனதுன்னா தூரப் போடணும்லா? அதப் போயி வாங்கிட்டு நடக்கீங்களே" என்று சொல்லிக்கொண்டே தன் மழைக்கோட்டைக் கழற்றினார். பக்கத்திலிருந்த நண்பரின் கோட்டையும் கேட்டு வாங்கினார். ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி, உள்ளே கேமராவை வைத்து, கை நுழைக்கும் இடத்தை என் மணிக்கட்டோடு சேர்த்துத் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பேடிக்காண்டாம். வெளிச்சம் கேறாது, நீங்க பாருங்க."

கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். ஃபிலிமின் இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள் இருக்கும். கேமராவின் பற்கள் அந்தத் துளைகளில் மாட்டித்தான் அதை இழுக்கும். வருடக்கணக்கில் காய்ந்து மொறமொறப்பாகிவிட்ட ஃபிலிம் முதல் இழுப்பிலேயே கிழிந்திருந்தது. துளைகள் இருந்த இடத்தில் கந்தலாகத் தட்டுப்பட்டது. அதன்பிறகு நான் எடுத்த ஒவ்வொன்றும் அசையாமல் நின்ற ஒரே துண்டின்மேல் போய் விழுந்திருக்கிறது. லலிதா, அம்மா, சித்தி, வலை, ஐஸ், கிரேன், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று. லலிதாவோ கடல் தாண்டிப் போய்விட்டாள்.

மழைக்கோட்டுக்குள் கையை விட்டபடியே அழுதேன். டீக்கடையில் யாரும் என்னை வேடிக்கை பார்க்கவில்லை. ஜெபமணி கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். "மிச்ச ஃபிலிமுக்கு ஒண்ணும் ஆவலல்லா?" என்று கேட்டார்.

ஆகவில்லைதான். கிழிந்த நுனியைத் தவிர, மொத்தச் சுருளும் டப்பாவுக்குள் ஒன்றையும் பார்க்காமல் அப்படியே இருந்தது. பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலைக் கடைக்காரம்மா நீட்டினார். அதையும் கோட்டுக்குள் கொண்டுபோய்க் கந்தலை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல இடமாகப் பார்த்துப் பற்களில் மாட்டினேன். மூடி, ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன். குமிழ் சுற்றியது. ஜெபமணி தன் கோட்டை உதறி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். டீக்குக்கூட என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

சாயங்காலம் ஏலக்காயை மென்றுகொண்டு கரமனை வந்து, மாமியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்துவிடலாம், பழைய ஃபிலிம் என்று கை கழுவிவிடலாம் என்று பேருந்தில் ஒரு யோசனை வந்தது உண்மைதான். ஆனால் தோளைப் பிடித்து, 'பாத்துக்கோ' என்று சொன்னவளிடம் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. "படம் ஒண்ணுகூட இல்ல மாமி. ஃபிலிம் நகரவே இல்ல."

மாமி என் கையிலிருந்த கேமராவைப் பார்த்தார். "வராட்டா வேண்டாம்னுதான் நின்னேன்" என்றார். பிறகு, "வராதுன்னு நிஜமா நினைக்கலை" என்றார். அடுப்படிக்குப் போனார். ரசம் வைத்தார். தூக்குப்பாத்திரத்தை எடுத்து அதில் பாதி ஊற்றினார். மூடியைப் போட்ட பிறகுதான் கொண்டுபோக ஆள் இல்லை என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பாத்திரத்தின் பிடியில் கையை வைத்தபடி நின்றார். நான் கொண்டுபோகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். அந்த ரசத்தை அன்று நாங்கள் இருவருமே குடித்துத் தீர்த்தோம்.

காலையில் எழுந்து வந்தால் மாமி குளித்துப் பட்டுப் புடவை கட்டியிருந்தார். கையில் குங்குமச் சிமிழ். "மறுபடியும் எடுக்க அந்தச் சாதனத்துல எடம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப குடையை எடு" என்றார்.

தூறலில் ஐந்து வீடு நடந்தோம். மாமி வாசலில் நின்று கதவைத் தட்டினார். தங்கை வீட்டுக் கதவைத் தட்டி எத்தனை காலம் ஆகியிருக்கும். உள்ளேயிருந்து "ஆரு?" என்று குரல் வந்தது.

"நான்தான். சுமதி எடுத்தது வரலையாம். மறுபடி எடுக்கணுமாம். உன்னை அழைக்க வந்திருக்கேன்."

கதவு திறந்தது. ஜானகி சித்தி அக்காவின் புடவையைப் பார்த்தார், சிமிழைப் பார்த்தார். "போட்டோவுக்கு அழைக்கப் பட்டுப் புடவையா?"

"அழைக்கறதுன்னா முறையா அழைக்கணும், அல்லே?"

"வாசல்ல நின்னு அழைச்சா நான் வரமாட்டேன். உள்ள வந்து உக்காந்து அழை" என்றார் சித்தி. மாமி செருப்பைக் கழற்றினார். என்னைப் பார்த்து, "நீ சித்தே வெளிலயே நில்லு" என்றார்.

நின்றேன். குடைக்குள் கேமராவை அணைத்துக்கொண்டு நிற்க, தெருவில் இரண்டு ஆட்டோவும் ஒரு பால்காரரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே முதலில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல் உயர்ந்தது, இன்னொன்று அதைவிட உயர்ந்தது. வாடகைக்காரர் பெயர் அடிபட்டது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். காப்பி மணம் வெளியே வந்தது, காப்பி வரவில்லை. நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் கால் கடுக்க நின்றதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்தபோது சித்தியின் நெற்றியில் புதுக் குங்குமம். எங்கே நிற்பது என்பதில் மறுபடி தகராறு. அவ ஆத்து வாசலில் வேண்டாம் என்று ஒருவர், இவ ஆத்து வாசலிலும் வேண்டாம் என்று இன்னொருவர். கடைசியில் இரண்டுக்கும் நடுவில், தெருவிலேயே நிற்பது என்று முடிவாயிற்று. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்காமல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

இரண்டு பேரும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். லலிதா நின்ற இடம். குடுவைக்குள் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தேன். என் லென்ஸுக்குள் இரண்டு பேரும் அடங்கவில்லை. பின்னால் போகவும் வழியில்லை, சுவர். "கிட்ட வாங்க" என்றேன். சித்தி ஓரடி எடுத்து வைத்தார். "இன்னும்." மாமி ஓரடி. தோளும் தோளும் தொட்டன.

வெளிச்சம் மிகவும் குறைவு. நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் இருக்கையில் கேமராவை ஊன்றிக்கொண்டேன். ஷட்டர் திறந்து மூட நன்றாக நேரம் எடுக்கும், அதுவரை இமையைக்கூட அசைக்கக் கூடாது என்றேன். குமிழைப் பார்த்துக்கொண்டேதான் நெம்புகோலைத் தள்ளினேன். அழுத்தினேன். அது திறந்திருந்த நேரத்தில் மாமி உதட்டை அசைக்காமல் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. சித்தி சடக்கென்று அக்கா பக்கம் திரும்பினார். கெட்டது என்று நினைத்தேன். அடுத்தடுத்து எடுத்தேன், சுருள் முடியும் மட்டும் எடுத்தேன்.

மதுரைக்கு வந்த அன்றே குளியலறைக் கதவுக்குக் கீழே துணியைச் செருகிவிட்டுக் கழுவினேன். மருந்துத் தண்ணீரை அளந்து ஊற்றினேன். சுருளை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முழுக்க மூட்டம். ஓரங்களில் கறுப்பு வழிந்திருந்தது. பாதிக்கு மேல் எதுவுமே தெரியவில்லை. நல்லபடியாக அசையாமல் நின்ற படங்களெல்லாம் அந்தப் பாதியில் போய்விட்டன. முதலில் எடுத்தது வந்திருந்தது. மணல் மணலாக, மழைக்குள்ளிருந்து பார்ப்பது போல. மாமி நேராக என்னைப் பார்க்கிறார், உதடு மட்டும் லேசாகக் கோணியிருக்கிறது. சித்தியின் முகம் திரும்பும்போதே பிடிபட்டு இழுபட்டிருக்கிறது; அவர் சிரிக்கிறார் என்று மட்டும் தெரிகிறது. நான் எடுத்த படங்களிலேயே இதற்காகத்தான் எனக்கு அதிக நன்றி, கிழிந்துபோன அந்த முதல் நுனிக்கும் சேர்த்து.

லலிதாவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. "அம்மாட்ட சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

ருக்மணி மாமியின் எண்ணுக்குப் போட்டேன். வெகு நேரம் மணி போயிற்று. எடுத்தது வேறு குரல்.

"நான் ஜானகியாக்கும். அக்கா குளிச்சிண்டிருக்கா. படம் வந்துதா?"

"வந்துருச்சு சித்தி" என்றேன்.

அவர் ஃபோனை விலக்காமலே, "அக்கா, வந்துதாம்" என்று அந்த வீட்டுக்குள் உரக்கச் சொன்னார்.